கண்ணாடித் தகட்டில் ஏழு நிமிடம்

இது நடந்தது. சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளட்டும். ஆவுடைநாயகம் பிள்ளை வாயாலேயே கேட்டேன். அவர் வானத்தைப் படம் பிடித்த அந்தக் கண்ணாடித் தகட்டையும் கையில் வாங்கிப் பார்த்தேன்.

1911, தை அமாவாசை. ஆற்றங்கரையில் ஊரே செத்தவர்களுக்கு எள்ளும் தண்ணீரும் இறைத்த நாள். பிள்ளை போகவில்லை. டவுணில் தன் வீட்டுப் புறவாசலில் தொலைநோக்கியைத் துடைத்துக்கொண்டிருந்தார். முதல் மனைவி ஞானம்பாள் காய்ச்சலில் "தண்ணி, தண்ணி" என்று கூப்பிட்டுக் கூப்பிட்டே போய்ச் சேர்ந்தவள். அன்றைக்கும் இந்த மனிதர் வானத்தைத்தான் படம் பிடித்துக்கொண்டிருந்தார்! இப்போது இரண்டாம் மனைவி கோமு உள்ளே அதே காய்ச்சலில் கிடந்தாள். வைத்தியர் சொல்லிவிட்டுப் போயிருந்தார்: "நாக்கு வறள விட்டுராதேயும் வே. விட்டா ஆள் தங்காது."

வானத்தில் ரிஷப ராசியின் கொம்பு நுனியில் ஒரு புகைத்திட்டு. வெடித்துச் செத்த நட்சத்திரத்தின் மிச்சம் அது என்று பின்னால்தான் தெரிந்தது. அதைப் படம் பிடிக்க இரண்டு மணி நேரம் தகட்டைத் திறந்து வைக்க வேண்டும். வானம் நகர நகர, சாவி கொடுத்த யந்திரம் தொலைநோக்கிக் குழாயைத் திருப்பும்; ஆனால் பிசகும். ஒரு நட்சத்திரத்தைக் குழாய்க்குள் தெரியும் குறுக்குக் கம்பியில் நிறுத்தி, கண் எடுக்காமல் திருகாணியைப் பையப் பையத் திருத்த வேண்டும். கண்ணை எடுத்தால் தகட்டில் நட்சத்திரப் புள்ளிக்கு வால் முளைக்கும். படம் பாழ்.

இரவு 8.20. தகட்டைத் திறந்தார்.

டக்... டக்... யந்திரம்.

9.05. உள்ளிருந்து, "தண்ணி..."

"இந்தா வாரேன்" என்றார். எழவில்லை. மனசு கிடந்து அடித்துக்கொண்டது. அடித்து என்ன செய்ய? கண் குழாயை விடவில்லையே, பாவி மனுஷனுக்கு!

9.12. "தண்ணி..."

இப்போது குரல் புறவாசலிலேயே கேட்டது. தெரிந்த குரல். கோமு குரல் இல்லை.

பிடரியில் ஈரம்... ஐந்து விரல்.

அப்போதும் கண்ணை எடுக்கவில்லை.

நட்சத்திரம் கம்பியிலேயே நின்றது.

டக்... டக்...

10.20. தகட்டை மூடிவிட்டு உள்ளே ஓடினார். கோமு வேர்த்து, காய்ச்சல் விட்டு, எழுந்து உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் காலிச் செம்பு.

"தண்ணி யாரு குடுத்தா?"

"நீங்கதான குடுத்திய! பிடரியப் பிடிச்சு உங்களத் தள்ளிக்கிட்டே வந்தாவளே... அந்தக்கா யாரு?"

"காய்ச்சல்ல உளறுத. நான் எந்திரிக்கவே இல்ல."

சாமி மேல் சத்தியம் பண்ணவும் அவர் தயார். நேரே போய்ச் சிவப்பு விளக்கில் தகட்டைக் கழுவினார்.

புகைத்திட்டு விழுந்திருந்தது. சுற்றி இருந்த ஒவ்வொரு நட்சத்திரத்துக்கும் வால்.

நிமிடத்துக்கு எவ்வளவு பிசகும் என்பது அவருக்கு அத்துப்படி. வாலின் நீளத்தை அளந்தார். மறுபடியும் அளந்தார்.

ஏழு நிமிடம் அந்தக் குழாயில் யாருடைய கண்ணும் இல்லை.