ஓவர் சொல்லாத படகு

வயர்லெஸ் அறை வேலைக்குப் பேசத் தெரிய வேண்டியதில்லை, காத்திருக்கத் தெரிந்தால் போதும் என்று சொல்லித்தான் என்னைச் சேர்த்தார்கள். பிள்ளைக்கு ஃபோன் எடுத்து, மணி மட்டும் அடித்துக்கொண்டிருக்க, வாசலைப் பார்த்துக்கொண்டு நின்றவர்களே, நீங்களும் என் தொழிலைச் செய்தவர்கள்தான். திருகோணமலைத் துறைமுகப் பக்கம், மீனவர் சங்கக் கட்டடத்தின் மேல்மாடியில் என் கதிரை. ஒருநாள், இரண்டுநாள் கடலில் தங்கும் சின்னப் படகுகளோடு கதைப்பது என் வேலை. அதற்கு முக்கியமாக ஒரே ஒரு ஆங்கிலச் சொல் வேண்டும்: ஓவர்.

அம்மாவுக்கும் ஓவர்

வயர்லெஸ்ஸில் இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேச ஏலாது. ஒருவர் பொத்தானை அமத்திப் பேசி, "ஓவர்" என்று சொல்லிக் கையை எடுத்தால்தான் மற்றவர் வாய் திறக்கலாம். முதல் கிழமை முழுக்க அந்தச் சொல்லை மறந்து ஏச்சு வாங்கினேன். இரண்டாம் கிழமை அது நாக்கில் ஒட்டிக்கொண்டது. தம்பலகாமத்திலிருந்து அம்மா ஃபோன் எடுத்து, யானை வேலியை முறித்த கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். என்னை அறியாமல், "ஓம் அம்மா, விளங்குது, ஓவர்" என்றுவிட்டேன்.

"என்னடா ஓவர்? யானை இன்னும் வளவுக்குள்ளதான் நிக்குது!"

எத்தனை ஓவர், ஓவர்

கிண்ணியாப் படகுக்காரர் றபீக்கை அண்ணன் முறைக்குக் காக்கா என்போம். அவருக்குக் கடலில் மீன் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, கிரிக்கெட் இல்லாமல் இருக்க ஏலாது. மட்ச் நடக்கும் நாளில் அரை மணிக்கு ஒருதரம் அழைப்பார். "தம்பி, இன்னும் எத்தின ஓவர் கிடக்கு? ஓவர்." நான் பொத்தானை அமத்தி, "மூண்டு ஓவர் கிடக்கு, ஓவர்" என்பேன்.

சிரிப்பாகத்தான் இருக்கும். ஆனால் பொத்தானை அமத்தியிருக்கும் நேரத்தில் வேறு யாராவது உதவி கேட்டால் எனக்குக் கேட்காது. அந்த நினைப்பிலேயே, ஏற்கனவே மெலிந்த என் குரல் இன்னும் மெலியும். ஒருநாள் அவருக்குப் பொறுக்கவில்லை.

"ஸ்கோரையே இவ்வளவு மெதுவாச் சொல்றீங்களே, புயல் வந்தா என்ட காதுக்குள்ள வந்தா சொல்லுவீங்க? ஓவர்."

இடம் எழுதும் கொப்பி

காலை ஆறு மணிக்கு ஒவ்வொரு படகும் தான் நிற்கும் இடத்தைச் சொல்ல வேண்டும். நான் கொப்பியில் எழுத வேண்டும். நல்ல எழுத்தில், கோடு போட்டு எழுதினேன். நிலாவெளி செல்வம் அண்ணன் தினமும் "புறாமலைக்கு நேர கிழக்க" என்பார். ஒருநாள் பேச்சோடு பேச்சாக, மூதூர்ப் பக்கத்து வெளிச்சவீடு தனக்குத் தெரிகிறது என்றும் சொன்னார். வடக்கே, புறாமலைப் பக்கம் நிற்கிறவருக்குத் தெற்கே இருக்கும் வெளிச்சவீடு எப்படித் தெரியும்?

எனக்கு வேலை பழக்கிய யோகன் அண்ணனிடம் கேட்டேன். ஒரு படகு பேசுவது எல்லாப் படகுக்கும் கேட்கும். மீன் படுகிற இடத்தை உண்மையாகச் சொன்னால் அடுத்த நாள் அங்கே பத்துப் படகு நிற்கும். அதனால் ஒருவரும் சொல்லமாட்டார்கள் என்றார். "கொஞ்சம் ஓவராப் புளுகுறாங்கள்தான்" என்று கொப்பியைப் புரட்டினார்.

"இதைப் பாத்துத் தேடப் போனா, தம்பி, பாதிப் படகு கண்டி றோட்டிலதான் நிக்கும்."

கச்சான்

அன்று காலை எட்டரைக்கே கச்சான் காற்று ஏறிவிட்டது. அது கரையிலிருந்து கடலுக்குத் தள்ளும் காற்று. எஞ்சின் நின்றுபோன படகு நிமிடத்துக்கு நிமிடம் தூரப் போய்க்கொண்டிருக்கும். எல்லாரையும் திரும்பச் சொன்னேன். "வாறம், ஓவர்", "வாறம், ஓவர்" என்று ஒவ்வொன்றாக வந்தது. செல்வம் அண்ணனின் குரலும் வந்தது: "தம்பி, எங்கட எஞ்சின்ல ஒரு…" அவ்வளவுதான். ஓவர் இல்லை. இருபது தரம் அழைத்தேன். இரைச்சல் மட்டும்.

படகில் நாலு பேர். கடற்படைக்கு இடம் சொல்ல வேண்டும். கொப்பியில் புறாமலைக்குக் கிழக்கு என்று அழகாக எழுதிக் கிடந்தது. அதைச் சொன்னால் வடக்கே தேடுவார்கள். சொல்லாவிட்டால் எங்கே தேடுவார்கள்? பத்து மணிக்கு, செய்தி கேட்டு, செல்வம் அண்ணனின் மனைவி மலர் அக்கா படியேறி வந்தார். அவருக்காவது உண்மை தெரிந்திருக்கும் என்று நினைத்து, வெட்கத்தை விட்டுக் கேட்டேன்.

"எனக்கும் புறாமலை எண்டுதான் தம்பி சொன்னவர். கட்டிப் பதினெட்டு வருசம், மீன் எங்க படுகுதெண்டு ஒருநாளும் எனக்குச் சொன்னதில்ல."

எல்லாரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள்

பொத்தானை அமத்தினேன். என் வாழ்க்கையில் அவ்வளவு சத்தமாக நான் பேசியதில்லை. "செல்வம் அண்ணன்ர படகு காணேல்ல. கொப்பியில இருக்கிறது பொய் எண்டு எனக்குத் தெரியும். ஆரும் கண்டிருந்தா உண்மையான இடத்தைச் சொல்லுங்கோ. ஓவர்."

ஒரு பதிலும் இல்லை. கண்டவர் சொன்னால், தான் நின்ற இடத்தையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். மலர் அக்கா என் கதிரையின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஒரு நிமிடம் போனது. இரண்டாவது நிமிடமும் போனது. பிறகு றபீக் காக்கா வந்தார்.

"எழுதுங்க தம்பி. நான் சொன்னதும் பொய்தான். வெளிச்சவீட்டுக்குத் தென்கிழக்க, பதினாலு மைல். அங்கதான் நான் நிண்டனான், செல்வமும் கிட்டத்தான் நிண்டவன். கேட்டுக்கிட்டிருக்கிற எல்லாரும் நாளைக்கு வந்து அள்ளுங்க, எனக்கு ஒண்டுமில்ல. நான் அவனத் தேடித் திரும்பிப் போறன். ஓவர்."

கரையில்

கடற்படைக்கு அந்த இடத்தைச் சொன்னேன். அவர்களுக்கு முன்பே றபீக் காக்கா போய்ச் சேர்ந்துவிட்டார். எஞ்சின் சூடேறி நின்று, பற்றரிக்குள் தண்ணீர் போய் வயர்லெஸ்ஸும் செத்து, வெளிக்கடலுக்கு இழுபட்டுக்கொண்டிருந்த படகைக் கயிறு போட்டு இழுத்துக்கொண்டு பின்னேரம் மூன்று மணிக்கு இறங்குதுறைக்கு வந்தார். நாலு பேரும் இறங்கினார்கள். மலர் அக்கா புருஷனின் ஈரச் சட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். செல்வம் அண்ணன் அவரைப் பார்த்தார், றபீக் காக்காவைப் பார்த்தார், கடைசியில் என்னிடம் வந்தார். உப்புக் காய்ந்த உதடு.

"தம்பி, உயிரக் காப்பாத்தினது சரி, ஆனா அந்த இடத்தை எல்லாருக்கும் கேக்கத்தான் சொல்லவைக்கவேணுமோ?"

பொய் கேட்டு இப்போதெல்லாம் நான் பயப்படுவதில்லை. பொய்யோ மெய்யோ, ஓவர் சொல்லாமல் ஒருவர் பாதியில் நிறுத்தினால்தான் பயம்.