லுங்கி மறைத்த இடுப்பு

எங்கள் வீட்டில் குண்டு நான்தான். நோய் என்ற பேச்சு எழுந்தாலே எல்லாருடைய கண்ணும் என்மேல்தான் விழும். கருமத்தம்பட்டியில் விசைத்தறி ஓடும் தறிக்குடோன் வைத்திருக்கும் என் வீட்டுக்காரரோ நல்ல ஒல்லி. கல்யாணத்தன்று இருந்த அதே எடை என்று ஊரெல்லாம் பீற்றிக்கொள்வார். எனக்கு எரிச்சலாக வரும்.

போன மாதம் ஞாயிறு பூசை முடிந்ததும் மாதா கோயில் மண்டபத்தில் இதயப் பரிசோதனை முகாம் நடந்தது. என்னைக் காட்டுவதற்காகவே அவர் கூட வந்தார்.

“இந்த அம்மணிய நல்லாப் பாருங்க. எனக்கு ஒண்ணுமில்லீங்க.”

நர்சு ஒரு நூலால் என் உயரத்தை அளந்து, அதைப் பாதியாக மடித்து, தொப்புளுக்கு நேராக வயிற்றைச் சுற்றிப் பிடித்தார். முனைகள் தொடவில்லை. உயரத்தில் பாதியைச் சுற்றளவு தாண்டினால் மாரடைப்பு ஆபத்து கூடுமாம். எனக்கென்ன புதுசா? சுற்றளவு கூடிவிட்டது என்றுதானே ரவிக்கை தைக்கிற அம்மா வருடா வருடம் சொல்கிறார்.

“ஏனுங்க, நீங்களும் வந்து நில்லுங்க.” வம்புக்குத்தான் இழுத்தேன். சிரித்துக்கொண்டே வந்து நின்றார்.

அவருக்கும் முனைகள் தொடவில்லை. நர்சு தப்பாக அளந்துவிட்டார் என்று நானே சண்டைக்குப் போனேன். மறுபடியும் அளந்தார். அதே இடைவெளி.

அப்போதுதான் அவரை மேலும் கீழும் உற்றுப் பார்த்தேன். குச்சிக் கை, குச்சிக் கால், நடுவில் மட்டும் பானை வயிறு. கூடவே இருக்கிற எனக்குத் தெரியவில்லையே! எப்படித் தெரியும்? தறியிலும் லுங்கி, வீட்டிலும் லுங்கி, பூசைக்கு வேட்டி. பேண்ட் போடுகிறவராக இருந்தால் கொக்கியாவது காட்டிக் கொடுத்திருக்கும். லுங்கி எந்த வயிற்றையும் கேள்வி கேட்காது.

“ஒல்லியா இருந்தாலும் வயித்துக்குள்ள கொழுப்பு சேருமுங்கண்ணா. எடைய மட்டும் பாத்தாத் தெரியாதுங்க. ஊட்டுல யாருக்காச்சும் மாரடைப்பு வந்திருக்குதுங்களா?” என்று நர்சு கேட்டார்.

என் வீட்டுக்காரருடைய அண்ணன் போன வருடம் தறிக்குடோனில் நின்ற நிலையிலேயே சாய்ந்து இறந்துபோனார். இவரைவிட ஒல்லி. மாரடைப்பு என்று டாக்டர் சொன்னதைக்கூட, அந்த உடம்புக்கா என்று நம்பாமல், யாரோ கண் வைத்துவிட்டார்கள் என்று பேசி முடித்துவிட்டோம்.

நர்சு ஈசிஜி எடுக்கும் மேசையைக் கை காட்டினார். தளர்ந்த வேட்டியை இறுக்கப் போன அவர் கை அப்படியே நின்றது.

“அண்ணனும் லுங்கிதான அம்மணி கட்டுவாரு,” என்றார்.