அத்தை எதிர்ப்பக்கம் போய் உட்கார்ந்த கல்யாணம்

“ஏம்மா, உங்க பக்கத்துல பாட ஒரு ஆளுகூட இல்லையா?”

பிரிக்ஃபீல்ட்ஸ் மண்டபத்தில் என் அக்கா மலரின் கல்யாணத்தன்று, மாப்பிள்ளையின் அம்மா வீரம்மா ஆன்டி என்னிடம் கேட்டார். பாட ஆள் இருந்தார். எனக்கு நான்கு நாற்காலி தள்ளி, உதட்டை இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வாயைத் திறக்கக் கூடாது என்று அவரைத் தடுத்தவர் என் அப்பா.

அவர்தான் லோகேஸ்வரி அத்தை. அப்பாவின் ஒரே தங்கை. கிள்ளானில் பள்ளி வேன் ஓட்டுகிறார். பிறந்தது கேரி தீவில், செம்பனைத் தோட்டத்தில். அங்கே தாலி கட்டி முடிந்ததும், பெண்ணும் மாப்பிள்ளையும் தேங்காய் உருட்டி விளையாடும்போது, இரண்டு வீட்டுப் பெண்களும் எதிரெதிரே உட்கார்ந்து ஒருவரையொருவர் கேலி செய்து பாடுவார்கள். ஏசல் என்பார்கள். பாட்டுக்குப் பாட்டால்தான் பதில் சொல்ல வேண்டும், கோபித்துக்கொள்ளக் கூடாது. மூன்று பாட்டுக்குப் பதில் வராவிட்டால், தோற்ற வீட்டுக்காரர் வெற்றிலைத் தாம்பாளத்தை இரண்டு கையாலும் எதிராளிக்கு நீட்ட வேண்டும். பெண் வீட்டில் முதலில் பாடும் உரிமை பெண்ணின் அத்தைக்கு.

அத்தை சாலை நெரிசலில்தான் பாட்டுக் கட்டுவார். முன்னால் வழிவிடாமல் நிற்கும் லோரியைச் சம்பந்தியாக நினைத்துக்கொண்டு ஏசுவார். பின்னால் பிள்ளைகள் கைதட்டுவார்கள். அவருக்குச் சொந்தமாகப் பிள்ளைகள் இல்லை. அத்தை என்ற உரிமையோடு அவர் பாடக்கூடிய கல்யாணம் மலர் அக்காவுடையது, பிறகு என்னுடையது. நான் இப்போதுதான் பள்ளியின் கடைசி வகுப்பான ஐந்தாம் படிவத்தை முடித்திருக்கிறேன்.

கல்யாணத்துக்கு ஒரு வாரம் முன்பு எங்கள் வீட்டுக்கு வந்தார்.

“அண்ணே, மாப்பிள்ளை ஒசரத்துக்கு ஒண்ணு, அவங்க வீட்டு நாய்க்கு ஒண்ணு. மொத்தம் பதினோரு பாட்டு ரெடி.”

“ஒண்ணும் வேணாம். டிஜே புக் பண்ணியாச்சு.”

“டிஜேதான் மலருக்கு அத்தையா?”

“லோகேஸ், அது டாக்டர் குடும்பம்லா. போன கல்யாணத்துல சொந்தக்காரப் பெரியவரு ஒருத்தரு பந்திக் கோழிய பிளாஸ்டிக் பையில கட்டினாருன்னு பாடினே. மனுஷன் சாப்பிடாம எந்திரிச்சுப் போனாரு. ரெண்டு வருஷமா பேச்சில்ல.”

“கட்டினாரா இல்லையா?”

“வாயத் தொறக்கிறதா இருந்தா கல்யாணத்துக்கே வராத.”

போட்டுக் கொடுத்த தேநீரைக் குடிக்காமல் அத்தை போய்விட்டார். நான் பக்கத்தில்தான் இருந்தேன். ஆறிய டம்ளரை எடுத்துப்போய்க் கழுவி வைத்தேன்.

அப்பாவுக்குத் தெரியாத ஒன்று இருந்தது. அந்தக் குடும்பத்தில் மாப்பிள்ளை மட்டும்தான் டாக்டர். வீரம்மா ஆன்டி ரவாங் பக்கம் ரப்பர் தோட்டத்தில் இருபது வருடம் பால் மரம் வெட்டியவர். பெண் வீட்டார் ஏசாவிட்டால் மதிக்கவில்லை என்று நினைக்கிறவர்.

தேங்காய் உருட்டும் நேரம் வந்தது. டிஜே சத்தமாக எதையோ போட்டார். ரவாங் பெண்கள் எதிரே காத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். எங்கள் பக்கம் யாரும் வாயைத் திறக்கவில்லை. கடைசியில் வீரம்மா ஆன்டி கையை உயர்த்தி டிஜேயை நிறுத்தச் சொல்லிவிட்டு, தானே ஆரம்பித்தார்:

“ரவாங்குல ரயிலேறி ராசாவா வந்தோமே
ரவைக்கஞ்சி கூட இல்ல ராணி வீட்டுக் கல்யாணம்!”

அப்பா சும்மா சிரித்து வைத்தார். அடுத்தது வந்தது:

“வாயி செத்த சம்பந்தி, வாசலெல்லாம் பூப்பந்தல்
பேச ஒரு நாவு இல்ல, பெட்டி மட்டும் பாடுதடி!”

அப்போதுதான் என்னிடம் அந்தக் கேள்வியைக் கேட்டார். குரலில் விளையாட்டு இல்லை. நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவர் மூன்றாவதையும் பாடி முடித்து, “தாம்பாளத்தக் கொண்டாங்க” என்றார்.

ரவாங் பெண்கள் சிரித்தார்கள். நல்ல சிரிப்பு இல்லை அது. மலர் அக்கா தேங்காயை மடியில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தார். அப்பா அத்தையிடம் குனிந்தார்.

“லோகேஸ், ஒண்ணு பாடு. மானம் போவுது.”

“வாய்க்குப் பூட்டுப் போட்டது நீ. சாவியையும் நீயே தேடு.”

“வெளையாடாத. பாடு.”

அத்தை எழுந்தார். பாடத்தான் எழுகிறார் என்று நினைத்தேன். நேராக நடந்து, எதிர்ப்பக்கம் போய், வீரம்மா ஆன்டியின் பக்கத்தில் உட்கார்ந்து, அப்பாவைப் பார்த்துப் பாடினார்:

“டாக்டரு சம்பந்தம்னு டையி கட்டி வந்தாரு
தாயி பாடின பாட்ட மட்டும் தார்ரோட்டுல விட்டாரு!
வேனோட்டும் தங்கச்சிக்கு வாய்ப்பூட்டு போட்டாரு
மேடையில நிக்கையில மீசை மட்டும் ஆடுதடி!”

மண்டபமே கைதட்டியது. வீரம்மா ஆன்டி அத்தையின் முதுகில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டி, “இவ்ளோ நேரம் எங்கடி இருந்தே!” என்றார். அப்பா தாம்பாளத்தை எடுத்தார். அதை வாங்க அத்தை கையை நீட்டினார். அப்பா அவர் கைக்குக் கொடுக்காமல் தரையில் போட்டார். வெற்றிலை சிதறியது. அப்பா வெளியே போய்விட்டார்.

அதற்குப் பிறகு அத்தை எங்கள் வீட்டுக்கு வரவில்லை. அப்பா அவருடைய பெயரைக்கூடச் சொல்வதில்லை. ஒருநாள் அத்தையின் வேனில் ஏறிப் போகும்போது நான் கேட்டேன், “அந்தப் பதினோரு பாட்டையும் என்ன செஞ்சீங்க அத்தை?”

“அது மலருக்குக் கட்டினது. வேற எங்கயும் பாட மாட்டேன்” என்றார். பச்சை விளக்கு விழுந்தது, முன்னால் நின்ற லோரிக்காரரைத் திட்ட ஆரம்பித்தார்.

யாரோ எடுத்த நாற்பது வினாடிக் காணொளி ஒன்று சொந்தக்காரர்களிடம் சுற்றிக்கொண்டிருக்கிறது. ‘சொந்த அண்ணனையே ஏசும் தங்கை’ என்று தலைப்பு. அத்தை எதிர்ப்பக்கம் உட்கார்ந்த பிறகுதான் அது தொடங்குகிறது. முன்னால் நடந்த எதுவும் அதில் இல்லை. அப்பா தாம்பாளத்தைத் தரையில் போட்டதும் இல்லை.

அந்தக் காணொளி உங்களுக்கும் வந்திருக்கலாம். யாருக்காவது அனுப்புவதாக இருந்தால், நான் எழுதியிருக்கும் இதையும் சேர்த்து அனுப்புங்கள். ஏற்கெனவே அனுப்பிவிட்டீர்கள் என்றால், அதே ஆட்களுக்கு இதையும் அனுப்பி வையுங்கள்.