தேவநாதன் வாங்கிய அகலத் திரை

தேவநாதன் திண்டிவனம் – விழுப்புரம் தனியார் பேருந்தில் நடத்துநர். எலும்புக்குத் தோல் போர்த்திய உடம்பு. மற்றவர்கள் மூச்சுவிடத் திணறும் நெரிசலில் அவர் பாட்டுக்கு முன்படிக்கும் பின்படிக்கும் போய் வருவார். தொழிலுக்கு வசதிதான், ஆனால் பஸ் ஸ்டாண்டில் அவருக்கு வைத்த பெயர் ஊதுவத்தி. அதைவிட மோசம், 1993-ல் மயிலத்தில் நடந்த அவருடைய கல்யாணம். மணமேடைக்கு அவர் நடந்து வந்தபோது, மணப்பெண் ராஜாமணியின் அண்ணன் சீனுவாசன், "மாலை மட்டும் வருது, மாப்ள எங்க?" என்று சத்தமாகக் கேட்டுவிட்டார். கூட்டமே சிரித்தது. அந்தக் கல்யாண வீடியோவை அதன்பிறகு வீட்டில் போட இவர் விட்டதே இல்லை.

இப்படிப்பட்ட மனுஷன், ஒரு தடவையாவது நாலு பேர் தன்னைப் பார்த்து வாயைப் பிளக்க வேண்டும் என்று ஆசைப்பட்டதில் என்ன தப்பு? 2010 தீபாவளிக்கு, சேர்த்து வைத்ததையெல்லாம் வழித்துப் போட்டு, பாதிச் சுவரை அடைக்கிற எச்.டி. டிவி ஒன்றை வாங்கிவிட்டார். மாலை, சந்தனம், கற்பூரம், அடியில் எலுமிச்சம்பழம் என்று புது வண்டிக்குச் செய்வதெல்லாம் அதற்கும் செய்தார். தெருவைக் கூப்பிட்டார். முக்கியமாக, சீனுவாசனைக் கூப்பிட்டார்.

கடையிலிருந்து வந்த மெக்கானிக் கேபிளைச் செருகினார். படம் நடுவில் மட்டும் வந்தது. இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை.

"இன்னாங்க இது, ரெண்டு சைடும் காலியாக் கெடக்குது?"

"கேபிள்ல வர்ற படம் அவ்ளோதான் சார். எச்.டி.க்கு வேற பொட்டி வாங்கி மாட்டணும்."

காலி சீட்டோடு வண்டி கிளம்பினாலே வயிறு எரிகிற மனிதருக்கு இது பொறுக்குமா? "காசு குடுத்த எடம் பூரா ஆளு நிக்கணும். இழுத்து வுடுங்க," என்றார். மெக்கானிக் ரிமோட்டில் எதையோ அமுக்கினார். படம் இரண்டு பக்கமும் பரவியது.

படத்தோடு ஆட்களும் பரவினார்கள். செய்தி வாசித்த பெண்ணின் முகம் தோசைக்கல் அகலத்துக்கு விரிந்தது. கிரிக்கெட் பந்து முட்டையாக உருண்டது. கதாநாயகி ஒருத்தி ஒயிலாக நடந்து வர, கூடமே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. சீனுவாசன் கண்ணைத் துடைத்துக்கொண்டே, "மாப்ள, சந்தையில இருந்த பூசணிக்காய பூரா வாங்கிக்கினு வந்துட்டீங்களே," என்றார்.

தேவநாதனின் முகம் செத்துவிட்டது. இத்தனை வருடம் கழித்தும் அதே ஆள், அதே சிரிப்பு. "பட்டையும் வாணாம், பூசணியும் வாணாம். கழட்டி எடுத்துக்கினு போயிடுங்க," என்றார் மெக்கானிக்கிடம். அழுதுவிடுவார் போலிருந்தது.

அப்போதுதான் ராஜாமணி பீரோவைத் திறந்து ஒரு சிடியை எடுத்துவந்தாள். அந்தக் கல்யாணக் கேசட்டைத்தான் அவருக்குத் தெரியாமல் சிடியாக மாற்றி வைத்திருந்தாள். "கழட்டறதுக்கு முன்னாடி இத ஒரு வாட்டி பாத்துக்கலாம்," என்று பிளேயரில் போட்டுவிட்டாள். தேவநாதன் தடுக்க எழுவதற்குள் நாதஸ்வரம் கிளம்பிவிட்டது.

திரையில் மாப்பிள்ளை வந்தார். விரிந்த மார்பு. மாலையைத் தாங்கிய வாட்டசாட்டமான தோள்கள். கன்னத்தில் பளபளவென்று சதை. கூடத்தில் சிரிப்பு நின்றது. யாரிது என்று தேவநாதனே ஒரு கணம் முழித்தார். பிறகு உச்சந்தலைவரை ஜிவ்வென்று ஏறியது. பின்னாலேயே சீனுவாசன் வந்தார். அன்றைக்கே ஆள் கனம். இப்போது திரையில் மண்டப வாசல் முழுக்க அவரே இருந்தார்.

"மச்சான், படியில நிக்காதீங்க. உள்ள போங்க, எடம் இருக்குது," என்று தேவநாதன் பேருந்துக் குரலில் கூவினார். மறுபடியும் கூடம் அதிர்ந்தது. சீனுவாசன் மட்டும் சிரிக்கவில்லை.

"கழட்டவா சார்?" என்றார் மெக்கானிக்.

ராஜாமணி ரிமோட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "எதுக்குக் கழட்டணும்? அன்னிக்கி மணமேடையில எனக்கு இவரு இப்டித்தான் தெரிஞ்சாரு."

தேவநாதன் மெதுவாகப் போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். அவள் நகர்ந்து இடம் விட்டாள், அவருக்குத் தேவையானதைவிடத் தாராளமாகவே.