லோர்னா போட்டால் சூப் ஆறாது

பனித்தரையில் கல் தள்ளி ஆடும் கர்லிங் கிளப்பின் கேன்டீனில் அந்த வதந்தி கிளம்பியது, பெட்ரோல் பங்கில் வளர்ந்தது, ஞாயிற்றுக்கிழமை சர்ச் வாசலில் உறுதியாகிவிட்டது. பள்ளிப் பேருந்து ஓட்டும் லோர்னா ஹாப்பலா ஒரே ஒரு கருத்து எழுதி, ஐரோப்பாவில் இருக்கும் ஒரு வீடியோ கேம் கம்பெனியை மண்டியிட வைத்துவிட்டாராம். அவர்கள் பயந்துபோய் விளையாட்டையே மாற்றுகிறார்களாம். வேலையும் கொடுத்து விமான டிக்கெட்டும் அனுப்பிவிட்டார்களாம். பனி உருகுவதற்குள் பதினேழாம் நம்பர் பேருந்தை நடுரோட்டில் நிறுத்திவிட்டு அவர் போகப் போகிறாராம்.

கனடாவில் இருக்கும் எங்கள் தண்டர் பே ஊரில் ஒரு வதந்தி மூன்று வாசல் தாண்டிவிட்டால் அதற்கு ஓட்டுரிமையே கொடுத்துவிடுவோம். இருந்தாலும் மைனஸ் முப்பது டிகிரிக் குளிரில் பிள்ளைகளைத் தெருமுனையில் நிறுத்தி வைத்திருக்கும் பெற்றோருக்கு இது சாதாரண விஷயமில்லை. அதனால் நானே நேரில் போய் விசாரிப்பது என்று முடிவாயிற்று.

லோர்னாவை ஊரில் எல்லோருக்கும் தெரியும். பெயர்தான் தெரியாது. பிள்ளைகளுக்கு அவர் "பதினேழு". பெற்றோருக்கும் பதினேழுதான். "பதினேழு வந்தாச்சு, ஓடு", "பதினேழு இன்னிக்கு முறைச்சுது" என்று வாசல்தோறும் கேட்கலாம். கடைக்குப் போனாலும் யாராவது பின்னால் திரும்பி, "ஹலோ பதினேழு" என்பார்கள். பல் டாக்டரின் வரவேற்பறையில் ஒருமுறை அவருடைய உண்மையான பெயரைச் சொல்லிக் கூப்பிட்டபோது, யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று அவர் பேசாமல் உட்கார்ந்திருந்தாராம்.

ஆனால் ஊரைவிட்டு வெளியே நிலைமை வேறு. பிரேசிலில் ஒரு கணக்கு வாத்தியாருக்கும் கொரியாவில் கல்லூரிப் பையன்களுக்கும் லோர்னா என்பது ஒரு வினைச்சொல். "அந்த இடத்தில் ஒரு லோர்னா போட்டேன், தப்பிச்சேன்" என்று எழுதுகிறார்கள். நாம் டீ போடுகிற மாதிரி அவர்கள் லோர்னா போடுகிறார்கள்.

அதற்குக் காரணம் 'சூப் படை' என்ற பழைய கணினி விளையாட்டு. சமையலறைக் கதவு திறக்கும். குட்டிச் சமையல்காரர்கள் பானையைச் சுமந்துகொண்டு வரிசையாக வருவார்கள். நிற்கமாட்டார்கள், திரும்பமாட்டார்கள், பள்ளம் வந்தால் விழுவார்கள். நகரசபைத் தீர்மானங்களும் அப்படித்தான் என்பதால் எங்களுக்குப் பழகிய நடைதான். ஒருவனைப் பாலமாகப் படுக்கச் சொல்லி, இன்னொருவனை ஏணியாக நிற்கச் சொல்லி, மூன்றாமவனைப் பானைக்கு மூடியாக உட்காரவைத்து, மலையில் தூங்கும் ராட்சதனிடம் சூப்பைச் சூடாகக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். யோசிக்கிற நேரத்திலும் சூப் ஆறிக்கொண்டே இருக்கும். ஆறிவிட்டால் அவன் எழுந்துவிடுவான். பிறகு சமையல்காரர்களும் சூப்பில்தான். ஏரிக்குள் ஒரு ராட்சதன் மல்லாந்து படுத்திருக்கிற மாதிரியே மலை நீண்டு கிடக்கும் ஊர் எங்களுடையது. இதெல்லாம் எங்களுக்குப் புதிதல்ல.

இந்த விளையாட்டில் 'ராட்சதனின் அத்தை' என்று ஒரு கட்டம் உண்டு. அதை யாராலும் தாண்ட முடிந்ததில்லை. அத்தை அவ்வளவு தூரத்தில் இருந்தாள். எந்தச் சூப்பும் அங்கே போய்ச் சேருமுன் பழைய கஞ்சியாகிவிடும்.

லோர்னா பள்ளியில் படிக்கும்போது அத்தையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். பக்கத்து வீட்டு டேரல் ஹிரின்சுக் கையில் ஒரு பெர்ஷியனோடு வந்து பின்னால் நின்று யோசனை சொல்லிக்கொண்டிருந்தார். பெர்ஷியன் என்றால் எங்கள் ஊர் பன். மேலே இளஞ்சிவப்புப் பாகு வழிய வழிய இருக்கும். யோசனையின் வேகத்தில் பன் கையிலிருந்து நழுவி, பாகு கீழே இருக்கும்படி விசைப்பலகையில் விழுந்தது. விளையாட்டை நிறுத்தவும் ஓட்டவும் உள்ள 'பி' கட்டை பாகில் ஒட்டிக்கொண்டு, தானாகவே அழுந்துவதும் எழுவதுமாகத் துடிக்க ஆரம்பித்தது. ஒவ்வொரு துடிப்புக்கும் சமையல்காரர்கள் ஒரு அடி எடுத்து வைத்தார்கள். சூப் மட்டும் ஆறவில்லை. விளையாட்டை எழுதியவர்கள் எங்கோ ஒரு வரியைத் தவறாகப் போட்டிருக்கிறார்கள். அன்று அத்தை வாழ்க்கையில் முதல்முறையாகச் சூடான சூப் குடித்தாள்.

லோர்னா இதைக் கடிதமாக எழுதி ஒரு விளையாட்டுப் பத்திரிகைக்கு அனுப்பினார். பெயரோடு அச்சில் வந்தது. அந்தப் பெயரே உலகம் முழுக்கப் போய் வினைச்சொல் ஆயிற்று. கடிதத்தில் டேரல் இல்லை. பன்னும் இல்லை.

போன இலையுதிர்காலத்தில் சூப் படையை மெருகேற்றி மறுபடியும் வெளியிட்டார்கள். புதுப் படங்கள், புது இசை. கூடவே அந்தப் பழைய பிழையையும் திருத்திவிட்டார்கள். அவ்வளவுதான், ஆட்டக்காரர்கள் பொங்கிவிட்டார்கள். விற்பனைப் பக்கத்தில் கட்டைவிரலை மேலோ கீழோ காட்டிக் கருத்து எழுதுவது இவர்களுக்கு ஒரு மதம். ஒருவர், "படம் அழகு, இசை அழகு, பிழையைக் காணவில்லை" என்று விரலைக் கீழே காட்டினார். இன்னொருவர், இத்தனை வருடம் கழித்து எங்களை நேர்மையாக ஆட வைப்பது அக்கிரமம் என்றார். வேறொருவர் முந்நூறு மணி நேரத்துக்குமேல் ஆடிவிட்டு, "உங்கள் நேரத்தை வீணாக்காதீர்கள்" என்று அக்கறையோடு எச்சரித்தார். ஓர் இளைஞர் இப்படி எழுதியிருந்தார்: "அப்பா இதை ரொம்பப் புகழ்ந்தார். ஆடிப் பார்த்தேன். இப்போது அப்பாவின் மற்றக் கருத்துகளிலும் எனக்குச் சந்தேகம்."

சிரிக்காதீர்கள். ஆல்கோமா தெருவில் ஒரு பள்ளத்தை மூடியபோது, இனி எந்த இடத்தில் இடது பக்கம் திரும்புவது என்று நகரசபைக்கு மனுக் கொடுத்தவர்கள் நாம்.

லோர்னாவும் எழுதினார். அந்தப் புகழ்பெற்ற கருத்து இதுதான்: "நான்தான் அந்த லோர்னா. இப்போ என்னாலயே லோர்னா போட முடியல."

கீழே விழுந்தவை எல்லாம் சிரிப்பு முத்திரைகள். யாரோ ஜோக் அடிக்கிறார் என்று உலகமே நினைத்துவிட்டது. ஒருவர் மட்டும், "நீங்கள் லோர்னா என்றால் நான் ராட்சதனின் அத்தை" என்று பதில் போட்டிருந்தார். அன்று பதினேழு வழக்கத்தைவிடக் கடுமையாக முறைத்ததாகப் பிள்ளைகள் சொல்கிறார்கள்.

கம்பெனி மண்டியிடவில்லை, குனிந்தது. பழைய வசதியை ஒரு சுவிட்சாகத் திருப்பித் தருகிறோம், வேண்டியவர்கள் போட்டுக்கொள்ளலாம் என்று அறிவித்தார்கள். சோதனைக்கு வந்த சுவிட்சின் பெயர் 'பழைய பிழை'. துடிப்பின் தாளமும் சரியில்லை. சமையல்காரர்கள் கல்யாண ஊர்வலத்தில் போகிற மாதிரி அசைந்து அசைந்து போனார்கள், அத்தை எழுந்துவிட்டாள். லோர்னா மின்னஞ்சல் அனுப்பினார். பதில் மரியாதையாக வந்தது. அசல் துடிப்பைப் பதிவுசெய்து அனுப்பினால் அப்படியே வைப்போம். கண்டுபிடித்தவர் பெயரையும் வைப்போம், வேறு யாரும் உரிமை கொண்டாடாத பட்சத்தில். வெள்ளிக்கிழமைக்குள் தீரவில்லை என்றால் பழைய பிழையாகவே இருக்கட்டும்.

அன்று சாயங்காலமே ஆட்டக்காரர்களின் மன்றத்தில் ஒரு பதிவு வந்தது. "அது என் பன்." போட்டவர் ஐஸ் ஹாக்கி மைதானத்தில் பனியைச் சமன்செய்யும் வண்டி ஓட்டும் டேரல் ஹிரின்சுக்.

வதந்தியை விசாரிக்க நான் லோர்னா வீட்டுக்குப் போனபோது டேரல் ஏற்கெனவே சமையலறையில் உட்கார்ந்திருந்தார். கழற்றிய பூட்ஸ் வாசலில் குளமாகிக்கொண்டிருந்தது. மேஜையில் கணினி. பக்கத்தில் கடை அட்டைப்பெட்டியில் ஒரே ஒரு பெர்ஷியன்.

விமான டிக்கெட்டா என்று லோர்னா சிரித்தார். ஐரோப்பாவிலிருந்து இதுவரை வந்தவை மின்னஞ்சலின் கடைசியில் இரண்டு புன்னகை முகங்கள் மட்டும்தானாம். பிறகு டேரல் பக்கம் திரும்பினார்.

"பன்னு உன்னோடதுதான். யாரு இல்லன்னது? ஆனா பன்னு தானா உக்காந்து பத்திரிகைக்கு லெட்டர் எழுதிச்சா?"

"எழுதினவங்க என் பேரையும் ஒரு ஓரமா எழுதியிருக்கலாம்."

"கை நழுவிப் போட்டதுக்கெல்லாம் பேரா? அப்பிடிப் பாத்தா ஊர்ல பாதி தெருவுக்கு உன் பேரு வைக்கணும்டா."

பெயர் வேண்டாம் என்றார் டேரல். அவருக்குப் பெயர் இருக்கிறது, மைதானத்தில் பிள்ளைகள் கத்திக் கூப்பிடுகிறார்கள். அவருடைய குறை வேறு. அந்தப் பன்னில் அவர் ஒரு வாய்கூடச் சாப்பிடவில்லை. அன்றிலிருந்து இன்றுவரை யாரும் அதை ஈடுகட்டவும் இல்லை.

லோர்னா பெட்டியை அவர் முன்னால் தள்ளினார். "இந்தா. இப்பவே சாப்பிடு. சாப்பிட்டுட்டு அந்தப் பதிவ அழி."

டேரல் பெட்டிக்குள் எட்டிப் பார்த்தார். பாகு ராஸ்பெரிதானே என்றார். ஸ்ட்ராபெரி என்றார் லோர்னா. இந்த ஊரில் குடும்பங்களைப் பிரித்த கேள்வி அது. அந்தச் சண்டை கொஞ்ச நேரம் நடந்தது. லோர்னா அதற்குள் பதிவுக் கருவியை ஓடவிட்டு, துடிப்பை விரலால் அடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். விரலுக்கு அந்த வேகம் வரவில்லை. காலையிலேயே தேன் தடவிப் பார்த்தாராம், கட்டை சோம்பேறியாகிவிட்டது. மேப்பிள் பாகு ஊற்றியதில் ஒரு விசைப்பலகை உயிரையே விட்டுவிட்டது. இது இரவல் பலகை.

"வெள்ளிக்கிழமைக்குள்ள வரலன்னா?" என்று டேரல் கேட்டார்.

"பழைய பிழை" என்றார் லோர்னா. "பஸ்ல பதினேழு. அங்க பழைய பிழை."

அதைச் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் திரையைப் பார்த்துச் சொன்னார். திரையில் அத்தை மறுபடியும் கொட்டாவி விட்டு எழுந்துகொண்டிருந்தாள்.

டேரல் பன்னைக் கையில் எடுத்தார். வாய்வரைக்கும் கொண்டுபோனார். அங்கேயே கொஞ்ச நேரம் வைத்திருந்தார். பிறகு கேட்டார்:

"இடது பக்கமா விழுந்துது, வலது பக்கமா?"

"வலது. நீ என் தோளுக்கு மேல எட்டிப் பாத்துட்டிருந்தே."

டேரல் எழுந்து அவர் தோளுக்குப் பின்னால் போய் நின்றார். அன்றைக்கு நழுவியது, இன்றைக்கு நழுவவிட வேண்டும். வித்தியாசம் இருக்கிறது. கண்ணை மூடிக்கொண்டு விட்டார். பாகு கீழே இருக்கும்படி, சரியாக 'பி' கட்டைமேல்.

கட்டை அழுந்தியது. ஒரு கணம் ஒன்றும் இல்லை. பிறகு டுக் என்றது. டுக் டுக். பிறகு வயதான இதயம் மாதிரி விட்டு விட்டு, ஆனால் நிற்காமல், துடிக்க ஆரம்பித்தது. சமையல்காரர்கள் ஓரடி ஓரடியாகப் பாலத்தைக் கடந்தார்கள், ஏணியில் ஏறினார்கள். சூப்பிலிருந்து ஆவி பறந்துகொண்டே இருந்தது. அத்தை ஒரு வாய் குடித்துவிட்டுத் திரும்பிப் படுத்தாள்.

"இதான்" என்றார் லோர்னா. "இதான் நான்."

துடிப்பின் பதிவு அன்றைக்கே கம்பெனிக்குப் போனது. டேரல் தன் உரிமைப் பதிவை அழித்தார். வெள்ளிக்கிழமை வந்த சுவிட்சின் பெயர் 'லோர்னா'. தாளம் அச்சு அசலாக அதே துடிப்பு. ஆட்டக்காரர்களுக்கு மகிழ்ச்சியா என்று கேட்கிறீர்கள். விளையாட்டு இப்போது ரொம்பச் சுலபமாகிவிட்டது என்று விரலைக் கீழே காட்டிக்கொண்டிருக்கிறார்கள். "நான் ராட்சதனின் அத்தை" என்று எழுதியவர் மட்டும் மன்னிப்புக் கேட்டு, தன் பெயர் உண்மையில் மார்செலோ என்று தெரிவித்திருக்கிறார்.

ஆகவே பெற்றோர் கவலைப்பட வேண்டாம். பேருந்து ஓடுகிறது, ஓட்டுபவர் எங்கும் போகவில்லை. ஒரே மாற்றம்: மேட்டுத் தெருவில் பனி வழுக்கி, அவர் பிரேக்கை விட்டு விட்டு அழுத்த, வண்டி உதறி உதறி இறங்கும்போது பின்சீட்டிலிருந்து பிள்ளைகள், "லோர்னா போடுறாங்க, லோர்னா போடுறாங்க" என்கிறார்கள். அவர் கண்ணாடியில் முறைக்கிறார். ஆனால் வேண்டியதற்கும் மேலேயே வண்டியை உதறவிடுகிறார் என்று என்னிடம் புகார் வந்திருக்கிறது.

மீதி இருப்பது பன். கையில் கொடுத்தாயிற்று, கீழே போட்டது அவன், எனவே கணக்கு தீர்ந்தது என்பது லோர்னாவின் கட்சி. அது கம்பெனிக்குப் போன பன், எனக்கு வர வேண்டியது தனி என்பது டேரலின் கட்சி. அவர் விற்பனைப் பக்கத்தில் கட்டைவிரலைக் கீழே காட்டி எழுதியிருக்கும் கருத்து, ஆயிரக்கணக்கானோர் பயனுள்ளது என்று முத்திரை குத்தியதால், இப்போது எல்லாவற்றுக்கும் மேலே நிற்கிறது:

"விளையாட்டு அருமை. லோர்னா சரியா விழுது. ஆனா என் பன்னு இன்னும் வரல. வந்ததும் விரலைத் திருப்பிக்கிறேன். ராஸ்பெரி."