குரலுக்குப் போக வேண்டிய பெயர்

எங்கள் கூத்து ஜமாவில் ராஜா வேஷம் கட்டுகிறவருக்கு ஒரு பட்டப்பெயர் உண்டு. ஒருவர் ஆடி ஓய்ந்ததும் அது அடுத்தவருக்குப் போகும். வாங்கிக்கொண்டவருக்குப் பிறந்தபோது வைத்த பெயரை ஊர் மறந்துவிடும். சேத்தியாத்தோப்பிலிருந்து வேப்பூர் வரைக்கும் தாம்பூலத் தட்டோடு வருகிறவர்கள் அந்தப் பெயரைச் சொல்லி, "அவரு வர்றாருல்ல?" என்று கேட்டுத்தான் தேதி வைப்பார்கள். இப்போது அந்த அவர் யார் என்று ஒருவரும் கேட்டதில்லை. அந்தப் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. பத்து வருஷத்துக்கு மேல் அது என்னிடம் இருந்தது. அதை நான் வைத்திருந்த லட்சணம் எனக்குத் தெரியும்.

முதலாமவரைப் பார்த்தவர்கள் யாரும் எங்கள் காலத்தில் இல்லை. இரண்டாமவர் அவருக்கு உறவே கிடையாது. சந்தைக்கு மாடு ஓட்டி வந்த ஆள், மாட்டை அதட்டிய குரலைக் கேட்டு முதலாமவர் ஜமாவில் சேர்த்துக்கொண்டாராம். அந்த இரண்டாமவருக்கு மூன்று பிள்ளைகள். மூன்று பேரையும் விட்டுவிட்டு, எந்தச் சொந்தமும் இல்லாத என் அப்பாவுக்குச் சலங்கை கட்டிப் பெயரைக் கொடுத்தார். பிள்ளைகள் மூவரும் கடைசிவரை அப்பாவுக்குப் பின்பாட்டுப் பாடினார்கள். குரல் எங்கே இருக்கிறதோ அங்கே பெயர் போகும், அவ்வளவுதான் வழக்கம். இதை என்னைவிட நன்றாகத் தெரிந்தவன் எவனும் இல்லை.

1960களின் நடுவில் அப்பாவுக்கு முட்டி போய்விட்டது. நான்காவது ஆளாக அவர் மனதில் வைத்திருந்தது என் அக்கா புருஷனை. மச்சான் பாடினால் மைக் வேண்டாம். வயலுக்கு அந்தப் பக்கம் தூங்குகிறவன் எழுந்து உட்காருவான். நானோ விருத்தாசலம் தொழிற்பேட்டையில் ஒரு செராமிக் கம்பெனியில் கப்புக்குக் கைப்பிடி ஒட்டிக்கொண்டிருந்தேன். கூத்தாடி வீட்டில் பிறந்ததால் அடவு வரும், பாட்டு எல்லாம் மனப்பாடம். தொண்டைதான் இல்லை. கொஞ்சம் மேலே போனால் விரிசல் விட்ட கப்பைத் தட்டிப் பார்த்த மாதிரி இருக்கும்.

கம்பெனிக்கு எதிரே இருந்த டீக்கடையில் ஒருநாள் என் கூட வேலை பார்த்தவர் கேட்டார்.

"ஏம்பா, அப்பன் பேரு புள்ளைக்கு இல்லியா? மருமவனுக்குப் போவுதாமே. அப்ப நீ எதுக்கு இருக்கிற?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். இரண்டாமவர் கதையைச் சொல்லி நானும் சிரித்துவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் எனக்குச் சுருக்கென்று தைத்துவிட்டது. நேரே வீட்டுக்குப் போய் அப்பா முன்னால் நின்றேன்.

"அந்தப் பேரு எனக்குத்தான் வேணும்."

"பாடுவியாடா?"

"பாடாம?"

"எங்க, பாடு பாக்கலாம்."

நான் பாடவில்லை. பதிலுக்குச் சோற்றைத் தொடாமல் படுத்துவிட்டேன். இருபத்தைந்து வயது ஆம்பளை, இரண்டு நாள் பட்டினி கிடந்தேன். அம்மா அழுதாள். மூன்றாம் நாள் மச்சான் அக்காவோடு வந்தார்.

"மாப்ளைக்கே சலங்கையக் கட்டிடுங்க," என்றார் அப்பாவிடம், என்னைக் காட்டி. "வூட்டுல சண்ட வேணாம். நான் பின்பாட்டுல இருக்கிறேன்."

அக்கா உள்ளே வரவில்லை, வாசலிலேயே நின்றாள். எனக்கு ஒரே சந்தோஷம். அன்றைக்கு எனக்குத் துளிகூட வெட்கமாக இல்லை என்பதை இப்போது நினைத்தால்தான் உடம்பு கூசுகிறது.

பெயர் வாங்கி முதல் ஆட்டம் சேத்தியாத்தோப்பில். ராஜா வேஷம் சபைக்கு வருவதற்கு முன் இரண்டு பேர் திரை பிடிப்பார்கள். அதன் பின்னால் நின்று வேஷக்காரர் ஒரு விருத்தம் பாட வேண்டும். ஆளைப் பார்ப்பதற்கு முன்னால் குரலைத்தான் ஜனங்கள் பார்ப்பார்கள். கிரீடமும் தோளில் புஜகட்டையும் கட்டிக்கொண்டு நின்றேன். வாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது. மத்தளக்காரர் இரண்டாவது தடவையும் தட்டிவிட்டு நிமிர்ந்து பார்த்தார். அப்போது என் காதுக்குப் பக்கத்தில் மச்சான் எடுத்தார். அப்படியே அப்பாவின் குரல், அதைவிட ஒரு கட்டை மேலே. பாடி முடித்துவிட்டு நழுவி ஆர்மோனியத்துக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டார். திரை இறங்கியது. சபையில் நான் நின்றேன்.

"பேரு பேருதான்யா!" என்று யாரோ கத்தினார்கள்.

அதற்குப் பிறகு சமாளிக்கலாம். நான் ஒரு அடி எடுத்துக்கொடுத்தால் பின்பாட்டு அள்ளிக்கொள்ளும், நான் ஆடிவிடுவேன். விடிந்ததும் எண்ணெய் தொட்டு அரிதாரத்தைத் துடைத்துக்கொண்டிருந்தபோது அப்பா வந்தார். முன் வரிசையில் இரவு முழுக்க உட்கார்ந்திருந்தவர். "ஆட்டம் பரவால்ல," என்றார் என்னிடம். பாட்டைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. மச்சான் பக்கம் திரும்பி, "சுடுதண்ணி குடி, தொண்டைக்கு ஆவும்," என்றார்.

அதுவே ஏற்பாடாகிவிட்டது. திரைக்குப் பின்னால் அவர் பாடுவார், திரைக்கு முன்னால் நான் வருவேன். இதைப் பற்றி நாங்கள் இருவரும் ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை. ஒருதரம் மங்கலம்பேட்டையில் ஆட்டம் முடிந்து ஒரு பெரிய மனுஷர் எனக்குச் சால்வை போர்த்தினார். பக்கத்தில் நின்ற மச்சானைப் பார்த்து, "நீங்களும் இவரு கூடவே இருந்து நாலு பாட்டு கத்துக்குங்க. என்னா குரலு!" என்றார்.

"ஆவட்டுங்க," என்று மச்சான் கை கூப்பினார்.

பாடினது இவர்தான் என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? நான் சால்வையைச் சரிசெய்துகொண்டேன். சொன்னால் பெயருக்குக் கெடுதல் என்று எனக்கு நானே சமாதானம் சொன்னேன். பெயருக்கு ஒரு கெடுதலும் இல்லை. கெடுதல் எனக்குத்தான்.

இது வரைக்கும் எழுதியது ஜமாவில் பாதிப் பேருக்குத் தெரியும். இனிமேல் எழுதப் போவது யாருக்கும் தெரியாது.

ஆடி கழிந்தால் கூத்து இல்லை. அக்கா வீட்டில் நான்கு பிள்ளைகள். கம்பெனியில் மச்சானுக்கு ஒரு வேலை பார்த்துக் கொடு என்று அம்மா நச்சரித்தாள். நான் மேஸ்திரியிடம் கேட்டேன். "ஒன் செக்சன்லயே நாலு மாசத்துல ஆளு எடுப்பாங்க. இப்பவே வேணும்னா மில்லுலதான் இருக்குது," என்றார். மில் என்பது வெள்ளைக்கல்லை மாவாக அரைக்கிற இடம். அங்கே போகிறவன் புருவமெல்லாம் வெளுத்துத்தான் வெளியே வருவான். அந்தத் தூசியை இரண்டு வருஷத்துக்கு மேல் தாங்கியவர்கள் குறைவு. நாலு மாதம் பொறுத்திருக்கலாம். ஆனால் மச்சானுக்கு வேலை செய்யும்போது பாடுகிற பழக்கம் உண்டு. என் செக்சனில் இருக்கிறவர்கள் எங்கள் கூத்தைப் பார்க்க வருகிறவர்கள். அவர் என் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு அடி முணுமுணுத்தால் போதும், குரல் யாருடையது என்று தெரிந்துபோகும். மில்லில் ஓடுகிற சத்தத்தில் பக்கத்தில் இருப்பவன் கத்தினாலும் கேட்காது. "மில்லுக்கே போடுங்க," என்றேன்.

மச்சான் அங்கே ஆறு வருஷம் இருந்தார். முதலில் இருமல், அப்புறம் மூச்சிரைப்பு. விருத்தத்தை நடுவில் நிறுத்தி மூச்சு வாங்க ஆரம்பித்தார். அப்பா அதைக் கேட்காமலே போய்ச் சேர்ந்துவிட்டார். எழுபதுகளின் பாதியில் மறுபடியும் அதே சேத்தியாத்தோப்பு. திரை பிடித்தாகிவிட்டது. மச்சான் என் காதுக்குப் பக்கத்தில் வாயைத் திறந்தார். இருமல்தான் வந்தது. துண்டை எடுத்து வாயில் அடைத்துக்கொண்டு குனிந்துவிட்டார், சத்தம் வெளியே போகக்கூடாதென்று. வேறு வழியில்லாமல் நானே பாடினேன். சபையில் ஒரு சத்தமும் இல்லை. முன்னாலிருந்து யாரோ ஒரு கிழவர் சொன்னது மட்டும் கேட்டது.

"பாவம், அவருக்கு ஒடம்பு சரியில்ல போலருக்குது."

மறுநாள் காலை அக்கா வீட்டுக்குப் போனேன். மச்சான் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். இரவெல்லாம் யோசித்து வைத்திருந்ததைச் சொன்னேன்.

"அந்தப் பேரை நீங்க எடுத்துக்குங்க மச்சான். இனிமே எனக்கு வேணாம்."

அவர் பேசுவதற்குள் அக்கா அடுப்படியிலிருந்து வந்தாள். "பாடற காலத்துல குடுக்கல, இருமுற காலத்துல எதுக்குடா குடுக்கற?"

மச்சான் கையை உயர்த்தி அவளை அடக்கினார். ஒவ்வொரு வார்த்தைக்கும் நின்று நின்று பேசினார்.

"மாப்ளய ஏன் திட்டற? வேலை வாங்கிக் குடுத்ததே அவருதான. இல்லன்னா இத்தினி வருசம் புள்ளைங்க சோத்துக்கு என்னா பண்ணியிருப்போம்?"

அக்கா முகம் இறங்கிப்போயிற்று. "அது என்னமோ நெசந்தான்," என்றாள். என்னைத் திட்டியதற்கு வருத்தப்பட்டவளைப் போல உள்ளே போய் டீ போட்டுக்கொண்டு வந்து கொடுத்தாள். நான் வாங்கிக் குடித்தேன்.