அச்சில் ஏறிய அப்பாக்கள்

மீன் வாசனை...

டி.என்.ஏ. ஆராய்ச்சி செய்யும் லேபில் மீன் வாசனைக்கு என்ன வேலை என்று கேட்பீர்கள். எங்கள் லேபில் அது தினமும் இருந்தது.

தேயிலைக் கொழுந்தை அரைத்தால் உடனே பழுப்பேறும். ஃபாக்டரிக்கு அந்த நிறம்தான் பிழைப்பு. எங்களுக்கு அதுதான் சனியன். பழுப்பேறிய இலையில் டி.என்.ஏ. சுத்தமாகக் கிடைக்காது. குளிர் குறையாமல் அரைக்க வேண்டும். லேபில் இருந்த ஃப்ரிட்ஜோ பாதி நாள் வேலை செய்யாது.

அதனால் நானும் புஷ்பமும் ஹட்டன் கடைவீதியில் மீன்காரரிடம் ஐஸ் வாங்கி, மரத்தூள் போட்டு மூடி, கூடையோடு பஸ் ஏறுவோம்.

"மிஸ், மாளு கோ?" மீன் எங்கே என்று சிங்களத்தில் கேட்டுக் கண்டக்டர் சிரிப்பார்.

"டிரைவர் ஐயாவுக்குக் குடுத்தாச்சுங்க!" என்பாள் புஷ்பம்.

பஸ்ஸே சிரிக்கும். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வேன். வெள்ளைக் காலுறையில் ஒரு கறை இருந்தாலும் வகுப்புக்குள் விடாத சிஸ்டர்களிடம் வளர்ந்தவள் நான். கால் மேல் மீன் தண்ணீர் சொட்டிக்கொண்டிருக்கும்.

இருவரும் கொட்டகலைப் பக்கம் ஒரே தோட்டம். என் அப்பா அந்தோனி ஃபாக்டரியில் டீமேக்கர், தேயிலைத் தயாரிப்புக்கே பொறுப்பான அதிகாரி. அவள் அப்பா கருப்பையா அதே ஃபாக்டரிக்குக் கொழுந்துச் சாக்கு சுமந்தவர். என் அப்பா நாற்காலியில் இருந்து கேட்பார். அவர் வாசலில் நின்று பதில் சொல்வார்.

அந்த ஐஸ் முறையை எழுதி வெளிநாட்டுச் சஞ்சிகைக்கு அனுப்பினோம். என் பெயர் முதலில், அவள் பெயர் அடுத்து. அங்கே நம்மை அப்பா பெயரால்தான் குறிப்பிடுவார்கள். அதனால் அச்சில் வந்தது 'அந்தோனி, கருப்பையா'. தோட்டத்தில் ஒரு நாளும் பக்கத்தில் பக்கத்தில் உட்காராத இரண்டு பேர்...

அப்பா அதைத் தேநீர் ருசி பார்க்கும் மேசையில் விரித்து வைத்து, வந்தவர் போனவரிடமெல்லாம் சொன்னார்: "நம்ம பேரு சீமைக்குப் போயிருச்சு, பாத்தீங்களா!"

பிறகு எனக்குக் கல்யாணம். பிலோமினா அந்தோனி, பிலோமினா மரியதாஸ் ஆனேன். அடுத்த கட்டுரையை அப்பாவிடம் கொடுத்தபோது கண்ணாடி போட்டுத் தேடினார். கொஞ்ச நேரம் தேடினார்.

"மாப்பிள்ள பேரு அழகா விழுந்திருக்கும்மா" என்று மடித்துக் கொடுத்தார்.

நான் செய்தது தவறென்று இன்றும் நினைக்கவில்லை. அதுதான் முறை. என் கணவரும் அந்தப் பெயருக்குத் தகுந்த மனிதர்.

புஷ்பம் கல்யாணமே செய்துகொள்ளவில்லை. இங்கிலாந்து போனாள், பெரிய மூலக்கூறு உயிரியலாளர் ஆனாள். வறட்சி தாங்கும் தேயிலை பற்றி உலகில் யார் எழுதினாலும் அவளை மேற்கோள் காட்டாமல் முடியாதாம். அதாவது, கருப்பையாவை.

போன மாதம் போன் பண்ணினாள். "பிலோ, எங்கப்பாவுக்குக் கைநாட்டுத்தான். இப்ப சீனாக்காரன், ஜப்பான்காரன் எல்லாம் அவரு பேர டைப் பண்றான்டி!"

நான் இங்கிலீஷில் வாழ்த்தினேன். இங்கிலீஷில் என்றால் மனசு ஒட்டாமலும் வாழ்த்த முடியும்.

அன்றிரவு தூக்கம் வரவில்லை. அவளுடைய பட்டம், வீடு, விருது எதுவும் எனக்கு வேண்டாம். அந்தக் கருப்பையா மேல்தான் பொறாமை. சாக்கு சுமந்தவர் உலகம் சுற்றுகிறார். நாற்காலியில் இருந்தவர் ஒரே கட்டுரையோடு நின்றுவிட்டார். இப்படி எழுதுவது அழகில்லை என்று தெரியும். ஆனால் உள்ளது அதுதான்.

கண்டி கேம்பஸில் படிப்பிக்கும் என் மருமகள் கம்ப்யூட்டரில் தேடிப் பார்த்தாள். "அத்தை, அந்த ஐஸ் பேப்பரை இன்னும் மேற்கோள் காட்டுறாங்க! ஆனா அந்தோனின்னு தனியா கெடக்கு. மரியதாஸ் பேருல இருக்கிற மத்ததோட சேர்த்துரவா? ஒரு கிளிக்தான். உங்க மேற்கோள் கணக்கு கூடிரும்."

"சேர்த்தா மேல யாரு பேரு வரும்?"

"ஒரு பேருதான் வரும். நீங்க இப்ப மரியதாஸ்தானே?"

"அப்ப வேணாம். கைய எடு."

"அத்தை, அது உங்க பேப்பர்..."

"எங்கப்பா பேப்பர்."

அன்றைக்கு ஐஸ் உருகுமுன் லேபுக்கு ஓடினோம். இன்றைக்கு எல்லாமே ஒரு கிளிக்கில் முடிகிறதாம். முடியட்டும். மரியதாஸின் கணக்கு கூடாவிட்டாலும் பரவாயில்லை. புஷ்பத்தின் அப்பா எங்கும் இருக்கிறார். என் அப்பா ஒரே ஓர் இடத்தில் இருக்கிறார்...

அந்த ஓர் இடத்தில் மட்டும், கருப்பையாவுக்கு முன்னால்.